எத்தனையில் எத்தனை?

கே: பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடத்தின் சூத்திரம் எல்லாம் மனப்பாடம். விடை மட்டும் தப்பாகவே வருகிறது. எங்கே கோட்டை விடுகிறேன்?
— மாணவி, கும்பகோணம்

ப: கீழ் எண்ணில். மேலே போட வேண்டிய எண்ணைக் கேள்வியே பாதி சொல்லிவிடும். கீழே போட வேண்டியதை நீதான் எண்ணி எடுக்க வேண்டும். ஒரு பத்து ரூபாய் நாணயத்தையும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தையும் சுண்டு. இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ, ஆக மூன்று. எனவே இரண்டும் தலையாக விழ 1/3 என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பத்தில் தலை ஐந்தில் பூ விழுவது ஒன்று, பத்தில் பூ ஐந்தில் தலை விழுவது வேறொன்று. மொத்தம் நான்கு, விடை 1/4. டாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதையே 1754-இல் கலைக்களஞ்சியத்தில் எழுதும்போது இந்த இடத்தில்தான் வழுக்கினார். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ 2/3 என்று எழுதினார். சரியான விடை 3/4. அதனால் கலங்காதே. பென்சிலை எடுத்ததும் சூத்திரத்தை எழுதாமல், என்னென்ன நடக்கலாம் என்று ஒன்று விடாமல் பட்டியல் போடு. புத்தகம் கூறுவெளி என்று சொல்வது அந்தப் பட்டியலைத்தான்.

கே: எங்கள் வீட்டுத் தாயத்தில் மாமியாருக்கு மட்டும் நினைத்தபோது தாயம் விழுகிறது. நான் எட்டு முறை உருட்டியும் காய் இறங்கவில்லை. கட்டையில் ஏதாவது சூட்சுமம் உண்டா?
— இல்லத்தரசி, காரைக்குடி

ப: கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு வெறும் பக்கம். இரண்டு கட்டைக்கு 4 × 4 = 16 விதம். தாயம் விழ ஒரு கட்டை வெறுமையும் மற்றது ஒற்றைப் புள்ளியும் காட்ட வேண்டும். அதற்கு இரண்டே வழி. 16-இல் 2, அதாவது எட்டில் ஒன்று.

‘அப்படியானால் எட்டு முறைக்குள் ஒன்று விழுந்தாக வேண்டுமே’ என்பீர்கள். வேண்டியதில்லை. ஒரு உருட்டலில் தாயம் விழாமல் போக 7/8. அதை எட்டு முறை பெருக்குங்கள், 0.34 வரும். மூன்று பேர் எட்டெட்டு முறை உருட்டினால் ஒருவருக்குத் தாயமே விழாமல் போவது சர்வசாதாரணம். அந்த ஒருவர் அன்று நீங்கள்.

மாமியாரின் சூட்சுமம் வேறெங்கோ இருக்கும் என்று நினைக்கிறேன். 16 விதத்தில் அதிகம் விழுவது மூன்று: நான்கு வழி, அதாவது கால்வாசி. இரண்டும் நாலும் தலா மூன்று வழி. தாயமும் ஐந்தும் தலா இரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்றே. ஆகவே எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் உங்கள் காயை நிறுத்தினால் ஒரே உருட்டலில் வெட்டுப்பட வாய்ப்பு அதிகம். ஆறு கட்டம் தள்ளி நிறுத்தினால் அது 16-இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். பல ஆண்டு ஆடியவர்களின் விரலுக்கு இது எழுதாமலே தெரியும். அடுத்த ஆட்டத்தில் அவர் காயை எங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள்.

கே: கட்டைக்குப் பதில் சோழி போட்டு ஆடினால் இதே கணக்குதானா?
— வாசகர், திருநெல்வேலி

ப: இல்லை. சோழி நாணயம் மாதிரி இரண்டு பக்கமும் சமமாக விழாது. முதுகு ஒரு வடிவம், வாய் ஒரு வடிவம். எண்ணி விடை சொல்வது எல்லா விதமும் சம வாய்ப்புள்ளதாக இருந்தால்தான் செல்லும். சோழிக்கு ஒரே வழி, நூறு முறை போட்டு எத்தனை முறை மல்லாந்து விழுகிறது என்று குறித்துக்கொள்வது.

கே: இந்திய அணி ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து 15 முறை டாஸ் தோற்றதே. 16-ஆவது முறை ஜெயிக்க வாய்ப்பு அதிகமாகியிருக்க வேண்டாமா?
— கல்லூரி மாணவர், மதுரை

ப: நாணயத்துக்கு ஸ்கோர்போர்டு தெரியாது. 2023 நவம்பரில் அகமதாபாத் உலகக்கோப்பை இறுதியில் தொடங்கி 2025 மார்ச்சில் துபாய் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி வரை 15 டாஸ் போனது உண்மை. தொடங்குவதற்கு முன்பே ‘இனி வரும் 15-ம் போகும்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது பலிக்கும் வாய்ப்பு 32,768-இல் ஒன்று. 15-ம் போன பிறகு அடுத்த டாஸுக்கு வாய்ப்பு அரைக்கு அரை. இரண்டு கேள்வியும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றில் 15 டாஸும் இனிமேல் நடக்கப்போகிறவை, மற்றதில் எல்லாம் நடந்து முடிந்தவை. இன்னொன்றையும் நினையுங்கள்: 1971 முதல் எத்தனை அணிகள், எத்தனை ஆயிரம் ஒருநாள் போட்டிகள்! இவ்வளவு டாஸுக்குள் எங்கோ ஒரு நீண்ட தோல்வித் தொடர் அமைவது இயல்பு. அந்தத் துபாய் இறுதியில் டாஸ் தோற்றுத்தான் இந்தியா கோப்பையை வென்றது.

கே: எனக்கு மூன்றும் பெண் குழந்தைகள். ‘மூன்று பெண்ணுக்கு அப்புறம் கண்டிப்பாகப் பையன்தான்’ என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்கிறதா?
— வாசகர், தருமபுரி

ப: சொல்லவில்லை. உலக அளவில் 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கின்றன. ஒவ்வொரு பிறப்பிலும் ஆண் என்பதற்கு வாய்ப்பு பாதியை ஒரு நூலிழை தாண்டும், அவ்வளவுதான். முதல் பிரசவத்துக்கும் அதே எண், நான்காவதற்கும் அதே எண். மூன்று குழந்தை உள்ள வீடுகளை எடுத்தால் ஏறக்குறைய எட்டில் ஒரு வீட்டில் மூன்றும் பெண்ணாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அபூர்வமாக எதுவும் நடந்துவிடவில்லை. ‘கண்டிப்பாக’ என்று சொல்லும் உறவினர் யாரும் பிரசவ வலியைப் பங்குபோட்டுக்கொள்ளப் போவதில்லை. உங்கள் மனைவியின் உடம்பை ஒரு தப்புக் கணக்கை நம்பிப் பணயம் வைக்காதீர்கள். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. யாராவது ஆசை காட்டினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்தப் பேச்சு வீட்டில் நடக்கும்போது மூன்று மகள்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கே: எங்கள் தெருப் பெண்கள் 20 பேர் குலுக்கல் சீட்டு போடுகிறோம். எவர்சில்வர் டப்பாவில் 20 துண்டுச்சீட்டு. ஒன்றில் மட்டும் ‘விழுந்தது’ என்று எழுதியிருக்கும். முதலில் எடுப்பவருக்கே அதிர்ஷ்டம் என்று மாதாமாதம் சண்டை. தீர்ப்புச் சொல்லுங்கள்.
— வாசகி, சேலம்

ப: முதலில் எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் 20-இல் ஒன்றுதான். இரண்டாவது ஆளைப் பாருங்கள். அவருக்கு விழ, முதலில் எடுத்தவர் தவறவிட வேண்டும்: 19/20. பிறகு மீதி 19 சீட்டில் அவர் சரியானதை எடுக்க வேண்டும்: 1/19. பெருக்கினால் 1/20. இப்படியே இருபதாவது ஆள் வரை போட்டுப் பார்க்கலாம், விடை மாறாது.

சண்டை வர வேண்டிய இடம் வேறு: டப்பாவை நன்றாகக் குலுக்கினார்களா, எடுப்பவர் உள்ளே பார்த்தாரா? உத்தரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறித்த குடவோலை விதிகள் இதில் எவ்வளவு கறாராக இருந்தன தெரியுமா? ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டங்கள். ஒவ்வொரு குடும்பிலும் ஊர்ச்சபைப் பொறுப்புக்குத் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை இன்னொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்துக் கொடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! சம வாய்ப்பு தானாக வராது, ஏற்பாடு செய்தால்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கே: பூ கட்டிப் பார்த்ததில் வெள்ளை வந்தது. சிவப்பு வந்தால்தான் வரன் சம்மதம். மூன்று தடவை பார்க்கலாம் என்கிறார் அத்தை. பார்க்கலாமா?
— வாசகி, கரூர்

ப: ஒருமுறை எடுத்தால் சிவப்பு வர 1/2. மூன்று முறைக்குள் ஒரு சிவப்பாவது வர 7/8. சிவப்பு வரும்வரை எடுக்கலாம் என்று அத்தை முடிவு செய்துவிட்டார் என்றால் அவருக்கு இந்த வரன் பிடித்திருக்கிறது. இனி பொட்டலத்தைக் கேட்காமல் பெண்ணைக் கேளுங்கள்.

கே: வெண்டை விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறன் 65 சதவீதம் என்று போட்டிருக்கிறது. குழிக்கு ஒன்று போதுமா, இரண்டா, மூன்றா?
— விவசாயி, ஒட்டன்சத்திரம்

ப: வெண்டைச் சான்று விதைக்குக் குறைந்தபட்சம் அந்த 65 இருக்க வேண்டும் என்பது விதி. ‘ஒன்றாவது முளைக்குமா’ என்று நேரடியாகக் கணக்குப் போட்டால் சிக்கும். ‘ஒன்றுகூட முளைக்காமல் போகுமா’ என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு விதை போட்டால் நூறு குழியில் 35 பொக்கு. இரண்டு போட்டால் 0.35 × 0.35, சுமார் 12 பொக்கு. மூன்று போட்டால் 4. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது 23 குழி மிச்சம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எட்டுதான். விதை விலையைப் பார்த்தால் இரண்டு போட்டு, பொக்கான குழியில் பிறகு ஊன்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை. இப்படிப் பெருக்குவதற்கு ஒரு விதை முளைப்பது மற்றதைச் சாராமல் இருக்க வேண்டும். விதை பழசாகிப் போயிருந்தாலோ, விதைத்த அன்று ராத்திரி மழை கொட்டிக் குழியில் தண்ணீர் நின்றாலோ குழியில் உள்ள இரண்டும் சேர்ந்தே அழுகும். அப்போது 12 என்ற கணக்கு செல்லாது.

கே: பொங்கல் கபடி. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயித்தால் 8,000 ரூபாய். நாங்கள் 2–1 முன்னிலை. மழை வந்து நின்றுவிட்டது. எதிரணி பாதிப் பாதி கேட்கிறது. நாங்கள் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறோம். எது நியாயம்?
— இளைஞர், பட்டுக்கோட்டை

ப: இரண்டும் இல்லை. இரு அணியும் சமபலம் என்றால் உங்களுக்கு 6,000, அவர்களுக்கு 2,000. எதிரணி பரிசை வாங்க நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்தே ஜெயிக்க வேண்டும்: 1/2 × 1/2 = 1/4. மீதி 3/4 உங்களுடையது. முடிந்த ஆட்டத்தின் விகிதத்தில் பிரித்ததால் நீங்கள் தவறவிட்டீர்கள். பிரிக்க வேண்டியது இனி நடக்கக்கூடியதை வைத்து. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதித் தீர்த்தது சரியாக இதே வழக்கைத்தான்: மூன்று ஜெயிக்க வேண்டிய ஆட்டம், 2–1-இல் நிறுத்தம், 64 பொற்காசு. பாஸ்கல் 48–16 என்று பிரித்தார். நிகழ்தகவு தனிக் கணிதமாக வளர்ந்தது அந்தக் கடிதங்களிலிருந்துதான்.

கே: எங்கள் வகுப்பில் 40 பேர். இரண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள்! அதிசயம்தானே?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

ப: அப்படி இருவர் இல்லாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். 40 பேரில் 780 ஜோடி சேர்க்கலாம். ஏதாவது ஒரு ஜோடிக்கு ஒத்துப்போக வாய்ப்பு 89 சதவீதம். 23 பேர் இருந்தாலே பாதியைத் தாண்டிவிடும். ‘என் பிறந்தநாளும் இன்னொருவர் பிறந்தநாளும்’ என்று கேட்டாயானால் ஜோடி 39-ஆகக் குறையும். வாய்ப்பும் பத்து சதவீதமாக இறங்கும். உன் தாத்தாக்கள் காலத்து வகுப்பில் இன்னும் அதிகமாக ஒத்துப்போயிருக்கும். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே ஒரு தேதி போட்டுக்கொடுப்பார். அவற்றில் பல மே, ஜூன் மாதங்களில் வந்து குவிந்தன.

கே: எந்தத் தொந்தரவும் இல்லை. முகாமில் சும்மா எடுத்த சோதனையில் ஒரு அரிய நோய்க்கு ‘பாசிட்டிவ்’ வந்திருக்கிறது. நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் தப்பாகக் காட்டுமாம். அப்படியானால் எனக்கு 95 சதவீதம் நோயா? தூக்கமே இல்லை.
— ஆசிரியை, ஈரோடு

ப: அம்மா, 95 இல்லை. ஆயிரம் பேரை மைதானத்தில் நிறுத்துவோம். அந்த நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது என்று வையுங்கள். நோய் உள்ள அந்த ஒருவரைச் சோதனை சரியாகவே பிடித்துவிடுகிறது. அவர் ஒரு பக்கம் வந்து நிற்கட்டும். மீதி 999 பேருக்கு நோய் இல்லை. அவர்களில் நூற்றுக்கு ஐந்து வீதம் சுமார் 50 பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் வரும். அவர்களும் அதே பக்கம் வரட்டும். இப்போது பாசிட்டிவ் சீட்டோடு நிற்பவர்கள் 51 பேர், நோயாளி ஒருவர். நீங்கள் அந்த 51-இல் ஒருவர். வாய்ப்பு இரண்டு சதவீதம்.

இதே எண்களை வைத்து 1978-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். அதிகம் பேர் சொன்னது உங்கள் பயம் சொன்ன அதே 95. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் என்பது ஒன்று, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் என்பது வேறு. இரண்டுக்கும் கீழ் எண் வேறுவேறு.

அதற்காகச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். சோதனைக்கு முன் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது இப்போது 51-இல் ஒன்று. கிட்டத்தட்ட இருபது மடங்கு. மறுசோதனை அவசியம் எடுங்கள். தொந்தரவோடு மருத்துவரிடம் போய், அவர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்த சோதனை என்றால் கதையே மாறும். அப்படி வருகிறவர்களில் ஆயிரத்துக்கு நூறு பேருக்கு நோய் இருந்தால், உண்மையான பாசிட்டிவ் 100, தப்பானது 45. வாய்ப்பு 69 சதவீதம். சோதனை அதேதான், மைதானத்தில் நிற்கும் ஆட்கள் மாறிவிட்டார்கள்.

கே: எல்லை தாண்டிப் போய் லாட்டரிச் சீட்டு வாங்குகிறேன். 777777 மாதிரி எண் விழவே விழாது என்று தவிர்த்துவிடுகிறேன். சரிதானே?
— வாசகர், செங்கோட்டை

ப: 777777 விழும் வாய்ப்பும் நீங்கள் பார்த்துப் பார்த்து எடுக்கும் 482913 விழும் வாய்ப்பும் ஒன்றே. ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் எண். 12 வரிசை என்று வைத்தால் ஒரு கோடியே 20 லட்சம் சீட்டு. தினம் ஒன்று வாங்கினால் முதல் பரிசு சராசரியாக 32,000 ஆண்டுக்கு மேல் ஒருமுறை வரும். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி நிறுத்தப்பட்டதற்கு முன் கூலிப் பணம் அப்படியே சீட்டுக் கடைக்குப் போன வீடுகள் எத்தனையோ. அந்தப் பட்டியலில் உங்கள் வீடு சேர வேண்டாம்.

கே: ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றார்கள். எங்கள் தெருவில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இதற்கு எதற்கு ஒரு வானிலை மையம்?
— வாசகர், தாம்பரம்

ப: அது மழுப்பல் இல்லை, அளவு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘ஒருசில’, 75 வரை ‘அநேக’, அதற்கு மேல் ‘பெரும்பாலான’. ஓரிரு இடம் என்றால் குறைந்தது முக்கால்வாசி இடம் காய்ந்திருக்கும் என்றுதான் பொருள். உங்கள் தெரு அந்த முக்காலில் இருந்தது, அறிவிப்பு பலித்தது.

கே: நீட் தேர்வில் விடை தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் குறிக்கலாமா?
— மாணவர், நாமக்கல்

ப: சரியானால் +4, தப்பானால் –1, நான்கு விடை. முழுக் குருட்டடி என்றால் சராசரி 4 × 1/4 – 1 × 3/4 = கால் மதிப்பெண். லாபம்தான், ஆனால் கைக்கு எட்டாத லாபம்: இப்படி 20 கேள்வி குறித்தால் சராசரியாக ஐந்து மதிப்பெண் கூடும், ஆனால் உள்ளதும் குறைந்துபோக சுமார் 23 சதவீதம் வாய்ப்பு உண்டு. நிச்சயமாகத் தப்பு என்று ஒரு விடையை அடித்துவிட்டால் சராசரி 0.67 ஆகும், இரண்டை அடித்துவிட்டால் 1.5. பாதி தெரிந்த கேள்வியைத் தயங்காமல் குறி. ஒன்றுமே தெரியாத கேள்வியில் உட்கார்ந்து கால் மதிப்பெண்ணுக்காக இரண்டு நிமிடத்தை விடாதே; அந்த நேரத்தில் தெரிந்த கணக்கு ஒன்றைச் சரிபார்த்தால் முழுதாக நான்கு கிடைக்கும்.

கே: எங்கள் வழித்தடத்தில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து. அப்படியானால் சராசரி ஐந்து நிமிடம்தானே நிற்க வேண்டும்? எனக்கு எட்டு, ஒன்பது ஆகிறது. என் நேரமா?
— அலுவலகம் செல்பவர், ஆவடி

ப: நேரம் இல்லை, இடைவெளி. நெரிசலில் இரண்டு பேருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஒரு இடைவெளி 18 நிமிடம், அடுத்தது 2 நிமிடம் என்று மாறிமாறி வருவதாக வையுங்கள். சராசரி இடைவெளி பத்துதான். பணிமனைக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்கு வருவது அந்த 20 நிமிடத்தில் ஏதோ ஒரு நொடியில். நீள இடைவெளியில் மாட்ட வாய்ப்பு 18/20. அங்கே சராசரி 9 நிமிடம் நிற்பீர்கள். குட்டி இடைவெளியில் விழ 2/20. அங்கே ஒரு நிமிடம். 9 × 0.9 + 1 × 0.1 = 8.2 நிமிடம். உங்கள் கணக்கும் சரி, அவர்கள் கணக்கும் சரி. மனு எழுதும்போது கூடுதல் பேருந்து கேட்காதீர்கள். இருக்கிற பேருந்துகளைப் பத்து நிமிட இடைவெளியில் சீராக விடச் சொல்லுங்கள். ஒரு வண்டிகூடப் புதிதாக வாங்காமல் உங்கள் காத்திருப்பு ஐந்து நிமிடத்துக்கு இறங்கும்.